பழவேற்காட்டு மணலில் நல்ல தண்ணீர் தேடுவது எப்படி? இயற்கை முகாம் அமைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர், மணலிப் பக்கத்திலிருந்து பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்க மாணவர்களை அழைத்துச் செல்லும் இயற்கை மன்றங்களுக்கு ஒரு கட்டத்தில் ஓர் எண்ணம் வருகிறது: ஒரே நாளில் போய்த் திரும்பாமல், ஏரிக்கரையில் நிரந்தரமாக ஒரு முகாம் இடம் வைத்துக்கொண்டால் என்ன? இடம் கிடைத்ததும் அடுத்த பேச்சு தண்ணீர். "ஒரு போர் போட்டுவிட்டால் போகிறது" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சு எழும்போது படிக்க வேண்டியதையே இங்கே எழுதுகிறேன். இந்தக் கரையில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். அது எத்தனை நாளைக்கு நல்ல தண்ணீராக இருக்கும், எவ்வளவு மெதுவாக எடுத்தால் அப்படியே நீடிக்கும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை.

முதலில் நிலத்தடியைப் புரிந்துகொள்ளுங்கள்

மீஞ்சூரிலிருந்து வடக்கே பழவேற்காடு வரை தரைக்கடியில் இருப்பது மணலும் களிமண்ணும் மாறி மாறி அடுக்கிய படிவு. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டியது. ஆறுகள் தடம் மாறியபோது விட்டுச்சென்ற பழைய மணல் தடங்களும் புதைந்து கிடக்கின்றன. கடலோரத்தில் இதன்மேல் மணல்மேடுகள். மழை நேராக இறங்கிச் சேர்வது இந்த மேடுகளுக்குள்தான். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் ஏரியின் உவர்நீர். இரண்டுக்கும் நடுவே, மேட்டுக்கு அடியில், மழைநீர் பாலின்மேல் படிந்த ஆடைபோல உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. எனவே நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் தாழ்வான இந்தக் கரையில் நீர்மட்டம் பல இடங்களில் அரை மீட்டர் உயரம்கூட நிற்பதில்லை. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் அடுக்கு ஒன்று நடுவில் இருக்கிறது. களிமண் தட்டுகளும் கணக்கைக் குலைக்கின்றன. அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பம்பு ஓடும்போது கிணற்றில் மட்டம் 25 சென்டிமீட்டர் தொடர்ந்து தாழ்ந்து நின்றால், அடியிலிருக்கும் உப்புநீர் 10 மீட்டர் வரை கூம்பாக மேலெழ முடியும். ஆழமான போரும் பெரிய மோட்டாரும் இங்கே ஆபத்தாவது இதனால்தான்.

இதைப் பெரிய அளவில் காட்டிய இடம் மீஞ்சூர். 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வு ஆரணி - கொசஸ்தலை வடிநிலத்தில் நிலத்தடியில் நீர் நிறைந்த மணல் அடுக்குகளை, அதாவது வளமான நீர்த்தாங்கிகளை, கண்டறிந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், பூண்டி முதலிய இடங்களில் சென்னை நகருக்காகக் கிணற்று வயல்கள் (ஒரே வட்டாரத்தில் பல கிணறுகள்) அமைந்தன. கோடிக்கணக்கான லிட்டர் இறைக்கப்பட்டது. விவசாயக் கிணறுகளும் அதே நீரைத்தான் எடுத்தன. கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி நகரத் தொடங்கிப் பத்து கிலோமீட்டருக்கும் மேல் ஊடுருவியது. தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த ஊர்களில் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாததானது. 2010இல் அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. வடசென்னைக்காரர்களுக்கு இது தெரியாத கதை அல்ல. ஒரு முகாம் மீஞ்சூரைப்போல இறைக்கப்போவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் ஒரே ஒரு கிணற்றைச் சுற்றி, சிறிய அளவில், அதே தவறு ஒரே கோடையில் நடந்துவிடும்.

அனுமதி: இடத்துக்கு முன்பே கேளுங்கள்

பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 153.67 சதுர கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் வரும் நீரையோ வெளியேறும் நீரையோ திருப்புவது, தடுப்பது, கூட்டுவது எதையும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியின்றிச் செய்யக் கூடாது என்கிறது. உள்ளே நுழைவதற்கும் தங்குவதற்கும் தனி அனுமதி வேண்டும். என் கருத்து தெளிவானது: முகாமும் கிணறும் சரணாலய எல்லைக்கு வெளியே, ஊரை ஒட்டிய பட்டா நிலத்தில் இருக்கட்டும். பறவைகளின் இடத்துக்குள் துளை போடக் கேட்பதே சரியல்ல. எல்லைக்கு வெளியே என்றாலும் வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அடுத்து கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கையின்படி உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் கோடு) 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதற்குத் தடை. அங்கே வாழும் மக்கள் தங்கள் தேவைக்கு எடுப்பதற்கு மட்டும் விலக்கு. 200 முதல் 500 மீட்டர் வரை, வேறு ஆதாரமே இல்லாத நிலையில், சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைத்துக் குடிநீர், தோட்டம், விவசாயம், மீன்பிடித் தொழிலுக்குப் பயன்படுத்தலாம். 2019இல் வந்த அறிவிக்கையையும், உங்கள் ஊருக்கான மண்டல வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஏரிக்கரையும் ஓதம் ஏறி இறங்கும் கரைதான் என்பதால் இந்த விதி கடல் பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல.

மூன்றாவது, 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம். நகரத்தோடு சுற்றுவட்டாரக் கிராமங்கள் பலவும் அதன் அட்டவணையில் இருக்கின்றன. உங்கள் கிராமம் இருக்கிறதா என்பதைப் பொன்னேரி வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எந்த ஆழ்துளைக் கிணறானாலும், தோண்டுவதற்கு 15 நாள் முன்பே உள்ளூர் அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 2010இல் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறை.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

இதைக் கணக்கிடாமல் தேடப் போகாதீர்கள். 40 பேர் தங்கும் முகாமில், குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, வாளியில் குளிக்க, கழிப்பறைக்கு என்று தலைக்கு 40 லிட்டர் வைத்தால் நாளைக்கு 1,600 லிட்டர். ஷவரும் ஃப்ளஷ் தொட்டியும் வைத்தால் இது இரண்டு மூன்று மடங்காகும். எனவே வைக்காதீர்கள்.

இப்போது வரவுப் பக்கம். இந்தக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஒரு ஹெக்டேர் மணல்மேட்டில் விழும் மழை 1 கோடியே 40 லட்சம் லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் 28 லட்சம் லிட்டர். முகாம் ஆண்டுக்கு 100 நாள் நடந்தாலும் தேவை 1 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர்தான். ஆகவே மொத்த அளவு இங்கே பிரச்சினை இல்லை. எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் எடுக்கிறோம் என்பதே பிரச்சினை. தேடல் முழுவதும் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

ஊரைக் கேளுங்கள், கிணறுகளை அளந்து பாருங்கள்

எந்தக் கருவியைவிடவும் இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டுவதற்கு முன்பே அங்கே துறைமுக ஊர் இருந்தது. குழாயும் லாரியும் வராத காலத்தில் மக்கள் குடித்தது அந்த மணலின் தண்ணீரைத்தான். எனவே நல்ல தண்ணீர் இருக்கும் இடம் ஊராருக்குத் தெரியும். பெரும்பாலும் குடம் சுமந்த பெண்களுக்குத் தெரியும். "அம்மா, சித்திரை வைகாசியிலும் உப்புக் கரிக்காத கிணறு எது? எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகும்? சுனாமிக்குப் பிறகு எது கெட்டது, எது தேறியது?" என்று கேளுங்கள். பருப்பு வேகாத தண்ணீர் கடினத்தன்மை மிகுந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு எந்தக் கிணறு சீக்கிரம் தேறியது என்பது, எந்த மேட்டில் மழைநீர் நன்றாக இறங்கிக் கழுவுகிறது என்பதைச் சொல்லிவிடும்.

கேட்டதைச் சரிபார்க்க, நீரில் கரைந்த உப்பைக் காட்டும் ஒரு மின்கடத்துதிறன் மீட்டரும் அளவு நாடாவும் போதும். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள திறந்த கிணறு, உறைகிணறு, கைபம்பு ஒவ்வொன்றிலும் தரையிலிருந்து நீர்மட்டத்தின் ஆழம், கிணற்றின் மொத்த ஆழம், மின்கடத்துதிறன் மூன்றையும் எழுதுங்கள். மைக்ரோசீமென்ஸில் வரும் எண்ணை 0.65ஆல் பெருக்கினால் கரைந்த உப்பின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், தோராயமாகக் கிடைக்கும். கடல்நீரில் இது 35,000 அளவில் இருக்கும். குடிநீரில் 500க்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. திறந்த கிணறு என்றால் வாளியை மேலே மட்டும் முகக்காமல், கயிற்றில் கட்டிய மூடியுள்ள பாட்டிலை அடிவரை இறக்கியும் மாதிரி எடுங்கள். மேலே 600, கீழே 3,000 என்று வந்தால் மேலே மிதக்கும் நன்னீர் ஆடை எவ்வளவு மெல்லியது என்று தெரிந்துவிடும்.

அளக்கும் காலம் முக்கியம். தை மாதத்தில் அளந்தால் எல்லாக் கிணறும் இனிக்கும். மே, ஜூனில் அளப்பதே உண்மை. அந்த மாதங்களில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு ஏரிநீர் கடல்நீரையும் மிஞ்சி உப்பேறுவது உண்டு. பக்கத்துக் கிணறுகளுக்கு அதுதான் கடுமையான சோதனை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஒரு நாளில், ஏற்றத்தின்போதும் வற்றத்தின்போதும் ஒரே கிணற்றை அளந்து பாருங்கள். மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்கினால் அந்த மணல் ஏரியோடோ கடலோடோ நேரடியாகத் தொடர்புள்ளது. அங்கே அதிக எச்சரிக்கை வேண்டும்.

நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் இப்போதே கண்டுபிடித்துவிடலாம். முக்கோணமாக அமைந்த மூன்று கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் மட்டக்குழாயை இடம் மாற்றி மாற்றிப் பிடித்து, மூன்று கிணற்று விளிம்புகளின் உயர வேறுபாட்டை எடுங்கள். அதிலிருந்து, விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை உள்ள ஆழத்தைக் கழித்தால் எந்தக் கிணற்றில் மட்டம் உயரம், எதில் தாழ்வு என்று தெரியும். நிலத்தடி நீர் உயரத்திலிருந்து தாழ்வுக்கு நகர்கிறது. கழிப்பறை எங்கே வரக் கூடாது என்பதைத் தீர்மானிக்கப் போவது இந்த ஒரு வரைபடம்தான்.

தரைக்கு மேல் தெரியும் அடையாளங்கள்

உமரிச்செடி படர்ந்திருந்தால் அங்கே உப்பு. நிலம் வெள்ளையாகப் பூத்திருந்தாலும் அப்படியே. ஆலும் நாவலும் செழித்து நிற்கும் மேட்டில் நம்பிக்கை வைக்கலாம். பனையும் சீமைக் கருவேலமும் எதையும் நிரூபிக்காது, இரண்டும் உப்பைத் தாங்கும். இடங்களை வரிசைப்படுத்த இவை உதவும், முடிவெடுக்க உதவாது.

தேங்காயும் வேப்பங்குச்சியும் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களை அழைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். பாறை நிலத்தில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியாவது உண்டு. இந்த மணலில் தேங்காய் எங்கே எழுந்தாலும் கீழே தண்ணீர் இருக்கத்தான் செய்யும். அது உப்பா நன்னீரா, எத்தனை அடிக்கு என்பதைக் குச்சி சொல்லாது. அந்தச் செலவுக்கு இன்னொரு சோதனைத் துளை போடலாம்.

தரை மின்தடை ஆய்வு

நான்கு கம்பிகளைத் தரையில் நட்டு, வெளி இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தம் அளப்பார்கள். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டால் ஆழமான அடுக்குகளின் தடை தெரியும். காய்ந்த மணல்மேட்டில் எண் நூற்றுக்கணக்கான ஓம்-மீட்டர் வரும். நன்னீர் நிறைந்த மணலில் அது சில பத்துகளாக இறங்கும். உப்புநீர் நிறைந்த மணலில் ஓரிரண்டு ஓம்-மீட்டருக்குச் சரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால் களிமண்ணும் குறைந்த எண்ணையே காட்டும். அறிக்கையில் "உப்புநீர்" என்று எழுதியிருப்பது வெறும் களியாக இருக்கலாம், "களி" என்றிருப்பது உப்புநீராக இருக்கலாம். எனவே ஆய்வு செய்பவரிடம், பக்கத்தில் அடுக்கு விவரம் தெரிந்த ஏதேனும் ஒரு கிணற்றின் அருகிலும் ஒரு முறை அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். அந்த விவரங்களுக்குத் தரமணியில் உள்ள மாநில நில மற்றும் மேற்பரப்பு நீர்வள ஆதார விவர மையத்தையும், பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் உள்ள மத்திய நிலத்தடி நீர் வாரிய அலுவலகத்தையும் அணுகலாம்.

சோதனைத் துளை

பாறையைத் துளைக்கும் கம்ப்ரசர் லாரி இங்கே வேண்டாம். மணல் சரியும், ஆழம் கட்டுக்குள் நிற்காது. கைபோர் போடும் ஆட்களே இந்த மண்ணுக்கு ஏற்றவர்கள். ஒவ்வோர் அரை மீட்டருக்கும் வெளிவரும் மண்ணைத் தனித்தனிக் காகிதத்தில் பரப்பி, ஆழம் எழுதி வையுங்கள். பருமணலா, நுண்மணலா, சிப்பி கலந்ததா, கருங்களியா என்று குறியுங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் நீரை எடுத்து மீட்டரில் பாருங்கள். எண் திடீரென ஏறத் தொடங்கும் ஆழம்தான் உங்கள் எல்லை. அதற்கு வெகு மேலேயே நின்றுவிட வேண்டும். "இன்னும் பத்தடி போனால் நிறைய வரும்" என்ற பேச்சுக்கு இடம் தராதீர்கள். நன்னீர் அடுக்குக்கு அடியில் களிமண் தட்டு கிடைத்தால் அது உங்கள் காவல். அதைத் துளைத்துவிடாதீர்கள்.

இறைத்துப் பார்க்கும் சோதனை

முதல் மணிநேரத் தண்ணீரை ருசி பார்த்துவிட்டு வெற்றி என்று முடிவு செய்வதே இந்தக் கரையில் அதிகம் நடக்கும் பிழை. உப்பு தாமதமாகத்தான் வரும்.

நீங்கள் வழக்கமாக எடுக்கப் போகும் வேகத்திலேயே இறையுங்கள். நாளைக்கு 1,600 லிட்டரை நான்கு மணிநேரத்தில் எடுப்பதென்றால் நிமிடத்துக்கு 7 லிட்டருக்கும் குறைவுதான். ஒரு வாளி நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தே வேகத்தை அளந்துவிடலாம். இறைக்கும் முன் நீர்மட்டத்தை எழுதுங்கள். பிறகு முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்து அரைமணிக்கு ஒரு முறை, மட்டத்தையும் மின்கடத்துதிறனையும் குறியுங்கள். 24 மணிநேரம் ஓடட்டும். எடுத்த நீரைக் குழாய் வழியே தூரத்தில் விடுங்கள், கிணற்றடியில் விட்டால் அதுவே திரும்ப உள்ளே இறங்கி எண்ணைப் பொய்யாக்கும். நிறுத்திய பிறகு மட்டம் பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்பதையும் அளக்க வேண்டும்.

மட்டம் சற்றுத் தாழ்ந்து ஓரிடத்தில் நின்று, மின்கடத்துதிறனும் அசையாமல் இருந்தால் அந்த வேகம் பாதுகாப்பானது. மின்கடத்துதிறன் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், எண் இன்னும் வரம்புக்குள் இருந்தாலும், அந்த வேகத்தைப் பாதியாக்கி மறுபடி சோதியுங்கள். ஒரு கிணற்றிலிருந்து முழுத் தேவையை எடுப்பதைவிட, மேட்டின் நீளவாக்கில் 20, 30 மீட்டர் இடைவெளியில் ஆழமில்லாத மூன்று வடிமுனைக் குழாய்க் கிணறுகள் (ஃபில்டர் பாயின்ட்) போட்டு ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக எடுப்பது இந்த நிலத்துக்கு நல்லது. அகலமான உறைகிணறு இன்னும் நல்லது. இரவெல்லாம் தானே ஊறி நிரம்பும், பகலில் கையால் இறைத்துக்கொள்ளலாம், 200 முதல் 500 மீட்டர் வரை சட்டம் கேட்பதும் அதைத்தான்.

ஆய்வகப் பரிசோதனை

மாதிரியை இறைப்புச் சோதனையின் கடைசி மணிநேரத்தில் எடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பரிசோதிக்கலாம். குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், மாற்று இல்லாத இடத்தில் 1,000 வரை ஏற்கலாம். நைட்ரேட் 45க்கு மேல் போகக் கூடாது, இதில் சலுகை கிடையாது. 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பைகார்பனேட்டோடு ஒப்பிடும்போது குளோரைடு மிக அதிகமாக இருந்தால், அந்த உப்பு மண்ணிலிருந்து கரைந்ததல்ல, கடல்நீர் கலந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

தெற்கே எண்ணூர்க் கழிமுகம், அத்திப்பட்டு, மணலிப் பக்கம் இடம் பார்ப்பவர்களுக்கு இது போதாது. அனல்மின் நிலையச் சாம்பல் குளங்களும் பெட்ரோலிய ஆலைகளும் சூழ்ந்த நிலம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகம் முழுக்கப் பரவியதை அங்குள்ள மீனவக் குடும்பங்கள் இன்னும் பேசுகின்றன. அங்கே கன உலோகங்களுக்கும் எண்ணெய்க்கும் தனியாகச் சோதிக்காமல் பிள்ளைகளுக்கு ஆழமில்லாத கிணற்று நீரைத் தரக் கூடாது. உண்மையில், சோதித்த பிறகும் அங்கே குடிக்க வெளியிலிருந்து நீர் கொண்டுவருவதையே நான் சொல்வேன்.

கிணற்றைக் கட்டும்போது

குழாயின் வெளிப்புறத்தில் மேல் இரண்டு மூன்று மீட்டருக்குச் சிமெண்ட் கலவை நிரப்பி, தரையில் சரிவான தளம் போடுங்கள். வெள்ளம் நிற்கும் இடமென்றால் வாயை வெள்ளமட்டத்துக்கு மேல் உயர்த்துங்கள். கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, நீர் நகரும் திசையில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும். குழியின் அடி, மழைக்கால நீர்மட்டத்துக்கு மேல் நிற்க வேண்டும். நீர்மட்டம் தரையை ஒட்டி வரும் இடத்தில் குழியே வேண்டாம், தரைக்கு மேல் கட்டும், கழிவை உரமாக மக்கவைக்கும் கழிப்பறையே சரி.

தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து அரைமணிநேரம் விட்டுக் குடிக்கத் தரலாம். ஆர்.ஓ. கருவி வைக்க நினைத்தால், அது கழிக்கும் உப்புக் கரைசல் எங்கே போகும் என்பதற்கு முதலில் விடை வேண்டும். அதே மணலில் விட்டால் நீங்களே உங்கள் கிணற்றைக் கெடுக்கிறீர்கள்.

முகாமின் கூரை மழையையும் வீணாக்காதீர்கள். 100 சதுர மீட்டர் கூரையிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். சமைக்கவும் குடிக்கவும் தேவைப்படும் அளவைத் தொட்டியில் பிடித்துவிட்டு, மிச்சத்தைக் கிணற்றுக்கு மேல்பக்க மணலில் இறக்குங்கள். மணல்மேட்டைச் சமன்செய்யவோ மணல் அள்ளவோ யாரையும் விடாதீர்கள். அந்த உயரம் குறைந்தால் நன்னீரின் ஆழமும் குறையும்.

கிணறு வந்த பிறகு

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வாரம் ஒரு முறை, இறைப்பதற்கு முன், நீர்மட்டமும் மின்கடத்துதிறனும். பக்கத்து வீடுகளின் இரண்டு கிணறுகளையும் அந்த வீட்டாரின் சம்மதத்தோடு சேர்த்து அளந்து, எண்களை அவர்களிடமும் கொடுத்துவிடுங்கள். சுடுநாளில் எந்த எண்ணைத் தாண்டினால் முகாம் நிற்கும் என்பதை முதல் ஆண்டிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். நான் வைக்கும் கோடு: உங்கள் கிணற்றில் மே மாத மின்கடத்துதிறன் சென்ற மே மாதத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடினாலோ, பக்கத்து வீட்டுக் கிணற்றில் மட்டம் உங்களால் தாழ்ந்தாலோ, மழை வரும் வரை இறைப்பதை நிறுத்தி, ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்து, குடிக்க மழைநீர்த் தொட்டியையும் கேன் தண்ணீரையும் நம்புங்கள். உதவாத சோதனைத் துளைகளை அன்றன்றே, ஆள் கிளம்புவதற்கு முன், அடியிலிருந்து களிமண்ணும் மணலும் இட்டு வாய் வரை நிரப்பி, மேலே மூடுங்கள். திறந்து கிடக்கும் துளை பிள்ளைகளுக்கு ஆபத்து, மேல் அடுக்குக்கு உப்புநீர் ஏறும் வழியும் அதுவே.